விமானக் கம்பனியில் நான் சொன்ன பதில்

எழுத்துப் பிழைகளை முதலிலேயே பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. ஒரு பக்கம் எழுத ஒரு காலை நேரம் போய்விடுகிறது. எழுதியதை வாசித்துப் பார்த்தால் பாதி நடந்ததாகவும் பாதி நடந்திருக்கலாம் என்று நான் நினைப்பதாகவும் இருக்கிறது. வாரா வாரம் வரும் இந்தத் தொடரில் போன கிழமை உப்பளத்து வேலையைப் பற்றி எழுதியதில் கங்காணியின் பெயரை மாற்றிப் போட்டுவிட்டேனாம். அவருடைய மகன் கடிதம் எழுதியிருக்கிறார். சரியான பெயர் அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இந்தக் கிழமை எழுதப் போவதில் பிழை விட்டவள் நானே. ஆனபடியால் என் மகளைத் தவிரக் கடிதம் போட வேறு ஆள் இருக்காது.

அந்தக் கதிரை இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கதிரை என்று சொல்லவும் முடியாது. உட்கார்ந்தால் ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும் சாமான் அது. நான் நுனியில் இருந்தேன். கால் நிலத்தில் முட்டவில்லை. எதிரே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், கலியாண மேடையில் வைத்த பெண்ணைப் போல் லைட் போட்டு, ஒரு வளைந்த இரும்புத் துண்டை வைத்திருந்தார்கள். இரும்பு இல்லை, வேறு ஏதோ உலோகம் என்று மகள் பிறகு திருத்தினாள்.

குளிர் என்றால் அப்படியொரு குளிர். கையில் கிடந்த காப்பு ஐஸ் மாதிரி ஆகிவிட்டது. முந்தானையை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, மகள் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது விமானத்துக்குப் பாகங்கள் செய்கிற கம்பனி. மகள் அங்கே நேர்முகப் பரீட்சைக்கு வந்திருந்தாள். நான் அவளுக்குக் காவலாக வந்திருந்தேன்.

மெசின் படித்த பிள்ளை

என் கடைசி மகள் றிஸ்மியாவைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை அதிகம் எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். இப்போது, "எழுதுங்க, ஆனா பொய் எழுதாதீங்க" என்று அனுமதி தந்திருக்கிறாள்.

நாங்கள் மன்னாரை விட்டுப் புத்தளத்துக்கு வந்து நாலாம் வருடம் பிறந்தவள். கிடுகுக் கொட்டிலில் வளர்ந்து கம்பஸுக்குப் போய் இன்ஜினியர் படித்தாள். அதிலும் மெக்கானிக்கல். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெரு முழுக்க, அவளுக்கு 'மெசின் படிச்ச புள்ள' என்று பெயர். தையல் மெசின் நின்றாலும் அவளிடம் வரும். தோட்டத்துத் தண்ணீர் மோட்டர் நின்றாலும் வரும். கலியாணப் பேச்சு மட்டும் வராது.

படித்து முடித்து ஒன்றரை வருடம் விண்ணப்பம் போட்டாள். எத்தனை என்று நான் எண்ணவில்லை. பதில் போட்டது இந்த ஒரு கம்பனி. முதலில் கொம்பியூட்டரில் கேள்வி கேட்டார்கள், பிறகு நேரே வரச் சொன்னார்கள். சண்டை முடிந்து பத்து வருடம் இருக்கும் அப்போது.

வாப்பா மௌத்தாகிவிட்டார், அண்ணன்மாரான நானாமார் வெளிநாட்டில், குமர்ப் பிள்ளை தனியே அவ்வளவு தூரம் போவதா என்று நான் கூடப் போனதாகத்தான் ஊர் நினைத்தது. நானும் அப்படித்தான் சொன்னேன். உண்மையில் ஒரு விமானத்தைக் கிட்ட நின்று பார்க்க எனக்கு ஆசை. விடியச் சுபஹு தொழுதுவிட்டு வெளிக்கிட்டோம். பாணும் சம்பலும் கட்டி எடுத்துக்கொண்டேன். சிலாபத்துக்கும் அங்கால், பஸ் மாறி, ஒரு ஓட்டோவும் பிடித்துப் போய்ச் சேர்ந்தால் அங்கே விமானம் இல்லை. ஒரு சிறகுகூட முழுதாக இல்லை. பெரிய பெரிய கொட்டகை, வெள்ளைச் சுவர், ஒரு பூந்தோட்டம்.

கண்ணாடிக் கதவடியில் நான் வழக்கம்போல் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். காவல்காரர் அதைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். மகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று நான் அவளுக்குக் கொடுத்த வெட்கத்தில் இது சின்னது.

பைல் கொண்டு வந்த பிள்ளை

மகள் உள்ளே போய் ஒரு மணித்தியாலம் இருக்கும். ஒரு பிள்ளை கையில் பைலோடு வந்து என் பக்கத்தில் இருந்தது. நல்ல பிள்ளை. சாரி கட்டி, கழுத்தில் கம்பனி அட்டை போட்டிருந்தது. சிலாபத்துப் பக்கம், தமிழ் பேசும் கிறிஸ்தவ வேதக்காரப் பிள்ளை.

"அம்மா கல்பிட்டி றோட்டா? நாங்க தலவிலக் கோயில் திருநாளுக்கு வருசா வருசம் வாறனாங்க. உங்கட வீட்டைத் தாண்டித்தான் போயிருப்பம்."

அடுத்த முறை வந்தால் வீட்டுக்கு வரச் சொன்னேன். மீன் எப்படி, மழை எப்படி என்று கதைத்தோம். எனக்குப் பொதுவாகப் பிற ஆட்களோடு கதை வராது. அந்தப் பிள்ளையோடு வந்தது. அதுதான் பிழையாகப் போயிற்று.

பிறகு அந்தப் பிள்ளை சொன்னது, விமான வேலை ஆனபடியால் சேர்கிற ஆட்களின் குடும்ப விவரமும் வேண்டுமாம், மகள் உள்ளே இருக்கும் நேரத்தில் அம்மாவிடம் கேட்டு நிரப்பிவிட்டால் மகளுக்கு வேலை மிச்சம் என்று. சொல்லிவிட்டுப் பைலைத் திறந்து, பேனை மூடியைக் கழற்றி, என் முகத்தைப் பார்த்தது.

"எத்தனை வருசமா அம்மா இப்ப இருக்கிற இடத்தில இருக்கிறீங்க?"

இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். சொல்கிறேன்.

பைலுக்கு ஒரு முகம்

தொண்ணூறில் இயக்கத்துக்காரர் எங்கள் முஸ்லிம் ஆட்களையெல்லாம் விரட்டி, நாங்கள் ஊரை விட்டு வந்த கதையை முந்திய கிழமைகளில் எழுதிவிட்டேன். மூன்று மாதத்தில் திரும்பிப் போகலாம் என்று யாரோ சொன்னார்கள். சொன்னவர் யார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவர் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது.

புத்தளத்து அகதி முகாமில் எங்கள் அடுத்த கொட்டிலில் ஹாஜரா ராத்தா இருந்தார். என்னை விட மூத்தவர், மரியாதை தெரிந்தவர். ஒரு நாள் பைலோடு ஒரு உத்தியோகத்தர் வந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். வீடு தேடி வந்தவர் கேட்டால் நல்ல குடும்பத்துப் பெண் என்ன சொல்வாள்? "அல்ஹம்துலில்லாஹ், குறை ஒண்டும் இல்ல" என்றார் ராத்தா. அடுத்த மாதம் அவர்களுடைய நிவாரண அட்டையில் அரிசி இல்லை. குறை இல்லாதவர்களுக்கு எதற்கு என்று யாரோ எங்கேயோ ஒரு கோடு போட்டுவிட்டார்கள். அந்தக் கோட்டை அழிக்க அவர் ஏழு மாதம் நடந்தார்.

அன்றிலிருந்து முகாமில் அது சட்டமாகிவிட்டது. கலியாண வீட்டுக்கு ஒரு முகம், பைலுக்கு ஒரு முகம். பைல்காரர் சந்தியில் இறங்கினார் என்றால் கதிரைகள் எங்கே போகும் என்று தெரியாது. எங்கள் வீட்டு மேசைக் காத்தாடி பாய்க்குள் சுருண்டு படுத்துக்கொள்ளும். என்ன கேட்டாலும் மூன்று பதில்தான். சொந்த ஊர் மன்னார். இங்கே தற்காலிகம். சீக்கிரம் போய்விடுவோம்.

அரிசிக்காக மட்டும் அப்படிச் சொன்னதாக நினைக்காதீர்கள். இங்கே நிரந்தரமாக இருக்கிறோம் என்று ஒரு கடதாசியில் எழுதிவிட்டால் அங்கே எங்கள் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று பயம். பெயர் போனால் வீடு இருந்த வளவு போகும், வோட்டு போகும், ஊர் போகும். ஆனபடியால் வாக்காளர் பட்டியலில் மன்னாரில் இருந்தோம், உடம்போடு புத்தளத்தில் இருந்தோம்.

கொட்டில் கல் வீடாகி ஓடும் போட்டாயிற்று. அப்போதும் தற்காலிகம். கிணறு கட்டினோம், தற்காலிகம். என் மனுசனை, பிள்ளைகளின் வாப்பாவை, இங்கேதான் அடக்கினோம். அவரையும் தற்காலிகம் என்று நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால்தான்.

ஆக, பேனை மூடி கழன்றதும் என் வாய் தானாகத் திறந்தது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு கேட்டால் வருமே, அப்படி.

சொந்த ஊர் மன்னார் என்றேன். இங்கே முகாம், தற்காலிகம் என்றேன். வீடு எப்படி என்று கேட்டது. ஏதோ ஒரு கொட்டில் என்றேன். காணி சொந்தமா என்றது. எங்களுக்கு ஏது காணி என்றேன். மகள் நல்லாப் படிப்பாவோ என்று கேட்டது. கண்ணூறு பட்டுவிடும் என்று, பெரிசாக ஒன்றும் தெரியாது, ஏதோ பாஸ் பண்ணினாள் என்றேன்.

கடைசியாக அந்தப் பிள்ளை பேனையை நிறுத்திவிட்டுக் கேட்டது:

"வேலை கிடைச்சா மகள் நெடுக நிப்பாவா அம்மா?"

"ஊருக்குப் போறவரைக்கும் நிப்பா மகள். நாங்க எப்படியும் போயிருவம்."

அதையும் எழுதிக்கொண்டது. எழுதும்போது அதன் கண் கலங்கியதைப் பார்த்தேன். எனக்குச் சந்தோசம். நல்லாச் சொல்லிவிட்டேன், ஏதாவது உதவி கிடைக்கும் என்று நினைத்தேன். என்ன உதவி என்று கேட்டால் எனக்கே தெரியாது. பழக்கம்.

பால் தேத்தண்ணி ஒன்றும் தந்துவிட்டு அந்தப் பிள்ளை பைலோடு மகள் இருந்த அறைக்குள் போயிற்று.

ஆணிக்கும் ஒரு கடதாசி

உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை. மகள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். இங்கிலீசில் நடந்தது, அவள் தமிழில் சொன்னாள், நான் எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். மூன்று கை மாறிய கதை.

உள்ளே மூன்று பேர். அதில் மூத்தவர் ஒருவர், நரைத்த மீசைக்காரர். ஒரு உடைந்த துண்டைக் கையில் கொடுத்து, இது எங்கே தொடங்கி உடைந்தது என்று கேட்டாராம். மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, துளை போட்ட இடத்தில் மயிரளவு வெடிப்பு வந்து, ஒவ்வொரு பறப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, ஒரு நாள் உடைந்தது என்று விளக்கினாள். அந்த வெடிப்பு எப்போது தொடங்கியிருக்கும் என்று கேட்டதற்கும் பதில் சொன்னாள். மூத்தவர் தலையாட்டினாராம். பிறகு கணக்குக் கேட்டார்கள், படம் கீறச் சொன்னார்கள். எல்லாம் நன்றாகப் போயிற்று. மற்ற இருவரும் எப்போது வேலைக்கு வர முடியும் என்று கேட்கும் கட்டத்துக்கு வந்துவிட்டார்கள்.

அந்த நேரம் பைல் உள்ளே வந்தது.

மூத்தவர் வாசித்தார். மகளின் விண்ணப்பத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவள் எழுதியிருந்தது நிரந்தர விலாசம் புத்தளம், சொந்த வீடு, பிறந்ததிலிருந்து அங்கே. நான் சொல்லியிருந்தது உங்களுக்குத் தெரியும்.

விமானத்தில் போடும் ஆணி ஒவ்வொன்றுக்கும், அது எங்கே செய்யப்பட்டது, யார் கையால் வந்தது என்று ஒரு கடதாசி இருக்குமாம். கடதாசி இல்லாவிட்டால், அல்லது இரண்டு கடதாசி இரண்டு கதை சொன்னால், எவ்வளவு திறமான ஆணி என்றாலும் குப்பைக்குத்தான் போகுமாம். இதை மூத்தவர் கோபமில்லாமல்தான் சொன்னாராம். சொல்லிவிட்டு, இந்த இரண்டில் எது பொய் என்று கேட்டாராம்.

மகள் இப்படிச் சொல்லியிருக்கிறாள்:

"ரெண்டும் பொய் இல்ல சேர். உம்மாக்கிட்ட இருவத்தொம்பது வருசமா ஒரே கேள்வியத்தான் பைலோட வந்து கேட்டிரிக்கிறாங்க. நீங்க வேற கேள்வி கேக்கிறீங்கண்டு அவவுக்குத் தெரியாது."

ஒருவர் சிரித்தாராம். மூத்தவர் சிரிக்கவில்லை. தனக்கு விளங்குகிறது, ஆனால் விளங்குவதைப் பைலில் போட முடியாது என்றாராம். பத்து நாளுக்குள் கிராம அலுவலரிடம் ஒரே விலாசம், நிரந்தரம் என்று அத்தாட்சி வாங்கி வந்தால் வேலை. இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

திரும்பி வரும்போது

பஸ் ஏறினோம். பாணை நீட்டினேன், வேண்டாம் என்றாள். சிலாபத்தில் கொஞ்சம் ஆட்கள் இறங்கியபிறகு எல்லாவற்றையும் சொன்னாள். குரல் உயரவில்லை. அது இன்னும் மோசம்.

"கரண்ட் இல்லையெண்டும் சொன்னீங்களா உம்மா?"

"அத அந்தப் புள்ள கேக்கல்ல."

"கேட்டிருந்தா?"

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். தென்னந்தோட்டம் போய்க்கொண்டிருந்தது.

முத்திரை ரெடி

கிராம அலுவலரை நாங்கள் இன்னும் விதானை என்றுதான் சொல்வோம். எங்கள் விதானை சின்ன வயதுப் பையன், பண்பானவர். மகள் கடிதத்தைக் காட்டினாள். வாசித்துவிட்டு மேசை லாச்சியைத் திறந்து ஒரு அச்சடித்த கடதாசியை எடுத்தார். அதில் பெயருக்கும் அடையாள அட்டை இலக்கத்துக்கும் இடம் விட்டு, 'தற்காலிகமாக வசித்து வருகிறார்' என்பது ஏற்கெனவே அடித்திருந்தது.

"இத இப்பவே சீல் அடிச்சுத் தாறன் உம்மா."

வந்த புதிதில் இந்தக் கடதாசி ஒன்று எடுக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. வெயிலில் நின்றிருக்கிறேன், மழையில் நின்றிருக்கிறேன், ஒரு முறை விதானை வீட்டு ஆட்டுக்குக் குழை ஒடித்தும் போட்டிருக்கிறேன். இப்போது கட்டுக் கட்டாக லாச்சியில் கிடக்கிறது. எங்களுக்குத் தேவை இல்லை.

நிரந்தரம் என்று வேண்டும் என்றாள் மகள். விதானை பேனையை வைத்துவிட்டார். எங்கள் பெயர் மன்னார்ப் பட்டியலில் இருக்கிறது, அங்கே வெட்டினால்தான் இங்கே நிரந்தரம் என்று எழுத முடியும் என்றார். பிள்ளையை மட்டும் தனியாக எழுத ஏலாதா என்று நான் கேட்டேன்.

"கலியாணம் முடிக்காத புள்ள, உங்கட வீட்டில உங்களோட இரிக்கிறா. குடும்பத் தலைவி நீங்க. நீங்க நாளைக்குப் போறதெண்டா, புள்ள எங்க உம்மா நிரந்தரம்?"

நியாயமான கேள்விதான். யோசித்து வருகிறோம் என்று எழும்பினோம்.

வழியில் மகள், "வேற கம்பனி வரும் உம்மா" என்றாள். நீங்கள் வெட்டுங்கள் என்று ஒரு சொல் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் கம்பனிக் கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, யாருடையதோ தையல் மெசினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தாள். ஒரு வேலையும் இல்லாத மெசின் அது. காலையில்தான் திருத்திப் பூட்டி முடித்திருந்தாள்.

மச்சியின் போன்

என் நானாவின் மனைவி மச்சி, சண்டை முடிந்ததும் மன்னாருக்குத் திரும்பிப் போனவர். எங்கள் வளவும் அவர்கள் வளவும் ஒட்டியே கிடக்கிறது. இரண்டு நாள் கழித்து அவருக்குப் போன் எடுத்தேன். யோசனை கேட்க இல்லை. யாராவது வெட்டாதே என்று சொல்ல வேண்டும் போல் இருந்தது.

மச்சி நான் நினைத்ததுக்கு மேலேயே சொன்னார். வீட்டுத் திட்டம் வரப் போகிறது, பட்டியலில் பெயர் இல்லாதவளுக்கு வீடு எப்படிக் கிடைக்கும், வளவுக்கு நாளைக்கு யாராவது வந்து உரிமை கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டார்.

"எத்தன வருசமா மச்சி அது வரப் போகுது?"

"நீ வந்து இருந்தாத்தானே வரும். ஆகாயத்தில பறக்கப் போற புள்ளைக்குத் தரையில விலாசம் எதுக்கு? ஊர வெட்டிப் போட்டு நீ இஞ்ச வாறதெண்டா இனி விருந்தாளியாத்தான் வரோணும். கேட்டுக்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். போனை வைத்தபிறகும் அந்த விருந்தாளி என்ற சொல் கிடந்து குத்தியது.

அந்த வளவை நான் கடைசியாகப் பார்த்தது சண்டை முடிந்த புதிதில். வாடகைக்கு வான் ஒன்று பிடித்து ஒழுங்கையே சேர்ந்து போனோம். வளவு முழுக்க முள் நிறைந்த உடை மரம். கிணற்றைத் தேடி முள்ளுக்குள் நடந்தோம், கிடைக்கவில்லை. அடுப்படி இருந்த இடம் என்று ஒரு மண் மேட்டைக் காட்டினேன், சரியோ தெரியாது. றிஸ்மியாவுக்கு அப்போது பதினைந்து பதினாறு வயது. காலில் முள் ஏறிவிட்டது. ஒரு கல்லில் குந்தி அதைப் பிடுங்கிக்கொண்டே கேட்டாள்:

"உம்மா, எப்ப வீட்ட போறது?"

நான் அவளுக்கு வீட்டைத்தானே காட்டிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது புத்தளத்து வீட்டை.

அன்று எனக்குக் கோபம் வந்தது. மச்சியின் போனை வைத்த பிறகு அதே கேள்வி திரும்பவும் நினைவுக்கு வந்தது. கோபம் வரவில்லை. விதானை கேட்ட கேள்விக்கு அந்தப் பிள்ளை அன்றைக்கே விடை சொல்லிவிட்டது என்று பட்டது.

மறுநாள் காலை மகளிடம், அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வா என்றேன். வாசலில் நின்று என் முகத்தை ஒரு முறை பார்த்தாள்.

காரணம்

விதானை ஒரு படிவத்தை எடுத்து வைத்து, ஒவ்வொன்றாக வாசித்து நிரப்பினார். பெயர், தகப்பன் பெயர், முந்திய விலாசம். முந்திய விலாசத்தை நான் சொல்லச் சொல்ல எழுதினார். அதுவரை மன்னார் எனக்கு முந்திய விலாசமாக இருந்ததில்லை.

பிறகு ஒரு இடத்தில் நின்றார். முந்திய இடத்தை விட்டு நீங்கிய காரணம் என்று ஒரு வரி. அதற்குக் கீழே சின்னச் சின்னக் கட்டங்கள். கலியாணம் ஒன்று, தொழில் ஒன்று, படிப்பு ஒன்று. இன்னும் ஒன்று இருந்தது, மறந்துவிட்டேன்.

விதானை படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் நாங்கள் இங்கே வந்த பிறகு பிறந்தவர். அவரிடம் நான் என்ன சொல்ல? இரண்டு மணித்தியாலம் தந்தார்கள் என்றா, உடுத்த உடுப்போடு கடலில் வள்ளம் ஏறினோம் என்றா? அதற்கெல்லாம் கட்டம் இல்லை.

"என்னத்தப் போட உம்மா?"

"உங்களுக்கு எது வசதியோ அதப் போடுங்க தம்பி."

கொஞ்சம் யோசித்துவிட்டு, வேலை விசயமாகத்தானே வந்திருக்கிறீர்கள் என்று சொல்லித் தொழில் என்ற கட்டத்தில் சரி போட்டார். நான் கையெழுத்து வைத்தேன். ஐந்தாம் வகுப்பு எழுத்து, மெல்ல மெல்லத்தான் வரும். மகள் பக்கத்தில் நின்று என் தோளில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். அப்படித் தொட்டு நிற்கிற பிள்ளை இல்லை அவள்.

ஆகவே அரசாங்கக் கடதாசியின்படி, நான் தொண்ணூறில் மன்னாரை விட்டு வெளிக்கிட்டது விமானக் கம்பனி வேலைக்காக. இனி யார் வந்து கேட்டாலும் அதுதான் பதிவு.

எட்டாம் நாள் மகள் அத்தாட்சியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இந்த முறை நான் போகவில்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. மூத்தவர் இரண்டு கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கை கொடுத்தாராம். பைல் கொண்டு வந்த சிலாபத்துப் பிள்ளை, அம்மா சுகமா, ஊருக்குப் போய்விட்டாவா என்று விசாரித்ததாம்.

"என்ன சொன்னாய்?" என்று கேட்டேன்.

"இஞ்சதான் இரிக்கிறா எண்டு சொன்னன்."

இப்போது அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்து சில வருடம். கிழமைக்கு ஒரு முறை வருகிறாள். அவளுக்குக் கீழேயும் ஆட்கள் வேலை செய்கிறார்களாம். கலியாணப் பேச்சும் இரண்டு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் நிரந்தர விலாசம் கேட்டார்கள், நான் தடுமாறாமல் சொன்னேன்.

இதில் நான் பிழையாக எழுதியது இருக்கும். அந்தப் படிவத்தில் காரணத்துக்குக் கட்டம் போட்டிருக்கவில்லை, வெறும் கோடுதான், விதானை தன் கையால் எழுதினார் என்று மகள் சொல்கிறாள். எனக்குக் கட்டம் போலத்தான் ஞாபகம். அரசாங்கக் கந்தோரில் வேலை செய்தவர்கள் யாராவது சரி பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அடுத்த பட்டியலில் என் பெயர் மன்னாரில் இருக்காது என்று விதானை சொன்னார். மச்சி போனில், "உன்ட பேரு இன்னும் கிடக்குது, நான் கண்ணால பாத்தன்" என்கிறார். மச்சிக்கு வெள்ளெழுத்து, கண்ணாடி போடுவதும் இல்லை. மகளிடம் இதைக் கேட்கவில்லை. எங்கள் ஊர் எது என்று இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் போகிற யாராவது விதானை கந்தோரில் தொங்கும் பட்டியலை ஒரு முறை பாருங்கள். பெயர் இருந்தால் அங்கே ஒருவரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம். எனக்கு மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.